குறிப்புப் பெட்டி இல்லாத அட்டை

நெடுங்கேணிச் சந்தையில் கத்தரிக்காய்க்கு விலை பேசிக்கொண்டு நின்றேன். கிளிநொச்சிப் பக்கமிருந்து வந்த பஸ்ஸின் கொண்டக்டர் இறங்கி வந்து, "உங்கடை கொம்பியூட்டர் அக்கா செத்துப்போனாவாம் அண்ணை" என்றார். எந்தக் கொம்பியூட்டர் அக்கா என்று கேட்டேன். கேட்கத் தேவையில்லை. வன்னி முழுவதிலும் கொம்பியூட்டர் அக்கா ஒருவர்தான். கொம்பியூட்டர் ஒன்றுகூட இல்லை. அன்று நான் வாங்கிய கத்தரிக்காய் அத்தனையும் சூத்தை என்று மனைவி ஏசினார். ஒன்றையும் பார்த்து வாங்கும் நிலையில் நான் இருக்கவில்லை.

அந்தக் கொம்பியூட்டர் அக்கா, தவமலரை, உங்களில் பலருக்குத் தெரியும். கிளிநொச்சியில் கண்டி வீதியில் இருந்த, தண்ணீர் இறைப்பு மிசின் விற்கும் எங்கள் கடையில் அவரிடம் பில் வாங்கியிருப்பீர்கள். சிலர் பேச்சும் வாங்கியிருப்பீர்கள். கொழும்பில் ஒரு கம்பனியின் கொம்பியூட்டர் பிரிவில் வேலை பார்த்தவர். எண்பத்துமூன்று கலவரத்தில் ஒற்றைப் பையோடு தமையன் வீட்டுக்கு வந்து, பிறகு எங்கள் கடையில் பில் எழுதச் சேர்ந்தார். நான் அப்போது அந்தக் கடையில் விற்பனையாளன். சம்பளம் விற்பதற்கு, நான் செய்துகொண்டிருந்தது ஊர்க்கதை பரிமாற்றம்.

அவர் வரும்வரை ஓடர் எல்லாம் ஒரே பெரிய கொப்பியில்தான் கிடந்தது. பெயர், ஊர், சாமான், விலை எல்லாம் ஒரே வரியில், முதலாளிக்கு வந்த அவசரத்தில். உருத்திரபுரத்தில் மட்டும் மூன்று கந்தையாக்கள். ஒரு கந்தையா கேட்ட மிசின் பெல்ட் இன்னொரு கந்தையாவுக்குப் போனது. அவரும் வேண்டாமென்று சொல்லாமல் வாங்கிக்கொண்டார். எங்களுக்கு இது புதினமில்லை. கந்தையா என்றால், எந்தக் கந்தையா, ஆற்றை மகன், அதாவது யாருடைய மகன், எந்த வாய்க்கால் என்று அரை மணித்தியாலம் கதைப்போம். என்னைப் பொறுத்தவரை அதுதான் வியாபாரத்தின் இனிமையான பகுதி.

தவமலர் அதற்கு முடிவுகட்டினார். மட்டையை வெட்டி அட்டைகள் செய்தார். நான்கு பிஸ்கட் தகரங்கள் எடுத்தார். ஒன்றில் வாடிக்கையாளர்கள், ஆளுக்கு ஒரு அட்டை, அட்டைக்கு ஒரு இலக்கம். இன்னொன்றில் சாமான்கள். மூன்றாவதில் ஓடர்கள், அதில் ஆளின் பெயர் இராது, இலக்கம் மட்டும் இருக்கும். ஒரே ஓடரில் ஐந்து சாமான் கேட்டால், ஐந்துக்கும் ஐந்து அட்டைகள் நான்காவது தகரத்தில். "ஒரு விசயம் ஒரு இடத்திலைதான் இருக்கவேணும் அண்ணை. ரெண்டு இடத்திலை இருந்தா, ஒண்டு பொய் சொல்லும்" என்பார். கொம்பியூட்டர் வந்ததும் அட்டைகளை அப்படியே அதற்குள் ஏற்றிவிடலாம் என்பது அவருடைய திட்டம். கரண்டே ஒழுங்காக வராத கடை அது. எங்கள் கொம்பியூட்டர் பிஸ்கட் தகரத்துக்குள் இருக்கிறது, பார்க்க வருகிறவர்கள் தேநீரோடு வரவும் என்று நான் வீதியில் போகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வாடிக்கையாளர் அட்டையில் 'குறிப்பு' என்று ஒரு பெட்டி வேண்டுமென்று முதலாளி கேட்டார். இன்னார் எந்தப் பகுதி, ஆற்றை ஆக்கள், நம்பலாமா என்பதை அதில் எழுதலாமாம். எழுதும் பொறுப்பை நான் ஏற்கத் தயாராக இருந்தேன். என்னைவிடத் தகுதியானவர் கிளிநொச்சியில் வேறு யார்? தவமலர் கோடு கீறுவதை நிறுத்தவேயில்லை. "அந்தப் பெட்டியைத் திறந்தா ஊர்க்குப்பை முழுக்க அதுக்குள்ளை வந்து விழும். மிசின் வாங்கிறதுக்கு ஆற்றை ஆள் எண்டு ஏன் தெரியவேணும்? வாங்கிறவர் ஆர் எண்டு தெரிஞ்சாக் காணும்." பெட்டி வரவில்லை. எனக்கு அது தனிப்பட்ட நட்டம்.

பழிவாங்க ஒரு நாள் சந்தர்ப்பம் கிடைத்தது. அவர் பில் எழுதும்போது வாடிக்கையாளரின் பெயரையும் ஊரையும் சாமானின் விலையையும் முழுதாகத் திரும்ப எழுதுவதைக் கண்டேன். ஒரு விசயம் ஒரு இடத்தில் என்று எங்களுக்குப் பாடம் எடுத்தவர் இப்போது இரண்டு இடத்தில் எழுதுகிறாரே என்று கடை கேட்கச் சத்தம் போட்டேன். அவர் சிரித்தார். அட்டையில் உள்ளது இன்றைய நிலைமை, விலை ஏறும், ஆள் ஊர் மாறுவார், அப்போது அட்டையும் மாறும் என்றார். "பில் அப்பிடி இல்லை. அது நடந்து முடிஞ்ச விசயம். நடந்து முடிஞ்சதிலை ஒருத்தரும் கை வைக்கேலாது." அன்று எனக்கு அது வெறும் சமாளிப்பாகத்தான் பட்டது.

பிறகுதான் பழனியம்மா வந்தார். மலையகத்தில் இருந்து இடம்பெயர்ந்து அக்கராயனில் ஒருவருடைய காணியில் குடிசை போட்டு மிளகாய் செய்த பெண். அப்படியானவர்கள் எது வாங்கினாலும் காணிக்காரரின் பெயரில் எழுதுவதுதான் எங்கள் கடையின் வழக்கம். மற்றக் கடைகளிலும் அதுதான். பழனியம்மா சேலைத் தலைப்பை அவிழ்த்து, ஒரு இறைப்பு மிசினுக்கான முழுக் காசையும் மேசையில் வைத்தார். முதலாளி வழக்கம்போலக் காணிக்காரரின் பெயரைச் சொன்னார். தவமலர் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பழனியம்மாவைப் பார்த்து, உங்கள் பெயர் என்ன என்று கேட்டார்.

"எம் பேர எழுதுனா செல்லுங்களா அம்மா? எங்கிட்ட ஐடென்டிக் காட்டு இல்லீங்க."

"அரசாங்கம் இலக்கம் தராட்டி இருக்கட்டும். இந்தக் கடையிலை நான் தாறன்" என்றார் தவமலர். புதிய அட்டை, புதிய இலக்கம், பழனியம்மா. பில்லிலும் அதே பெயர். முதலாளி முகட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த போகத்தில் காணிக்காரருக்கும் பழனியம்மாவுக்கும் பிணக்கு வந்தது. காணியை விட்டு எழும்பச் சொன்னவர், மிசினை வைத்துவிட்டுப் போகச் சொன்னார். தன் காணி, தன் கிணறு, அதில் நிற்கிற மிசினும் தன்னுடையது என்று கடைக்கு வந்தார். தன் பெயருக்குப் பில் வேண்டுமாம். மிசின் போனால் பழனியம்மா எங்கே போய் என்ன செய்வது? முதலாளிக்குக் காணிக்காரர் பெரிய வாடிக்கையாளர். குரலைத் தாழ்த்தி, "பிள்ளை, உம்மடை முறைப்படி ஒரே ஒரு அட்டையைத்தானே மாத்தவேணும்" என்றார். மனுசன் பாடத்தை ஒழுங்காகத்தான் படித்திருக்கிறார்.

"அட்டையை மாத்தலாம். பில்லை மாத்தேலாது முதலாளி."

ஒரு கூலிக்காரிக்காகவா தன்னைப் பகைப்பது என்று காணிக்காரர் தவமலரைக் கேட்டார்.

"நான் ஒருத்தரையும் பகைக்கேல்லை ஐயா. நீங்கள் மிசின் வாங்கேல்லை, அவ்வளவுதான். வேணுமெண்டா இப்ப வாங்குங்கோ, உங்கடை பேரிலை வடிவா எழுதித் தாறன்." சொல்லிவிட்டுப் புதுப் பில்லுக்கு அடியில் கார்பன் தாளை வைத்து, பேனாவைத் திறந்துகொண்டு காத்திருந்தார். நான் எதையோ தேடுபவன்போல மேசைக்குக் கீழே குனிந்திருந்தேன். அங்கிருந்து பார்த்தால் காணிக்காரரின் செருப்பு மட்டும் தெரியும். அது திரும்பிப் போனது.

அடுத்த நாள் தவமலரின் கதிரையை முதலாளி உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார். வேலையை விட்டுப் போ என்று வாயால் சொல்லத் துணிவில்லாதவர்களின் முறை அது. தவமலர் நின்றுகொண்டே பில் எழுதினார். அதற்கு அடுத்த நாளும் நின்றார். வந்தவர்களெல்லாம் ஏன் பிள்ளை நிற்கிறீர் என்று கேட்க, "முதலாளியைக் கேளுங்கோ" என்று மரியாதையாகச் சொன்னார். முதலாளியால் ஊருக்கு விளக்கம் சொல்லி மாளவில்லை. கதிரை தானாக வெளியே வந்தது.

பழனியம்மா பில்லை மடியில் செருகிக்கொண்டு, மிசினை டிராக்டர் பெட்டியில் ஏற்றி உருத்திரபுரத்தில் இருந்த தமக்கையிடம் போய்ச் சேர்ந்தார். போகும் வழியில் கடைக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார். அன்றுதான் தவமலர் அந்த அட்டையை மாற்றினார். அக்கராயன் என்பதை வெட்டி உருத்திரபுரம் என்று எழுதினார். வேறொன்றையும் தொடவில்லை.

செத்தவீட்டுக்குப் போனேன். வாசல் தூணில் மரண அறிவித்தல் ஒட்டியிருந்தது. இன்னாரின் மகள், இன்னாரின் சகோதரி, இன்னாரின் மைத்துனி. ஆண்களின் பெயர்களெல்லாம் கொட்டை எழுத்தில். அவர் என்ன செய்தார் என்பதற்கு ஒரு வரி இல்லை. அவரையும் கடைசியில் வேறு ஆட்களின் பெயரில்தான் எழுதியிருந்தார்கள். பெண்களுக்கு நடுவே பழனியம்மா இருந்தார். வீட்டுக்காரர் ஒருவர் குனிந்து, நீங்கள் ஆற்றை ஆக்கள் என்று கேட்டது என் காதில் விழுந்தது. இப்படியானவற்றுக்கு என் காது எப்போதும் திறந்திருக்கும்.

"யாரு ஆளும் இல்லீங்க" என்றார் பழனியம்மா. "அந்தம்மா கடையில எனக்குன்னு ஒரு நம்பரு குடுத்திருக்காங்க."

தவமலர் சாந்தியாக உறங்கட்டும் என்று நான் எழுதப்போவதில்லை. சாந்தி அவருக்குப் பழக்கமில்லை. தகரங்களை முதலாளி வைத்திருக்கட்டும், அறிவித்தலைத் தமையன்மார் வைத்திருக்கட்டும். நான் வைத்துக்கொள்வது அவர் எனக்குத் தர மறுத்த அந்தக் குறிப்புப் பெட்டியை. தவமலர் என்ற பெயருக்கு நேரே, வேறு எவரின் பெயரும் இல்லாமல், இத்தனையையும் அதில் எழுதிவிட்டேன். இது நடந்து முடிந்த விசயம். இதில் ஒருவரும் கை வைக்க முடியாது.