வீட்டை இழுக்க ஒரு வண்டி

பிக்கப் விற்கிறவளிடம் வருகிறவர்கள் முதலில் கேட்பது "ஜென்ட்ஸ் யாரும் இல்லையா?", அடுத்துக் கேட்பது "மைலேஜ் எவ்வளவு?", பிரேக்கைப் பற்றி இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

செங்கல்பட்டு பைபாஸ் ஓரம் கண்ணாடி போட்ட ஷோரூம் ஒன்றில் டீசல் பிக்கப் விற்பது என் வேலை. புடவை, இன்ஷூரன்ஸ், மனை என்று எதையாவது விற்று, வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்துச் சிரித்துச் சிரித்தே தாடை வலி கண்ட என் இனத்தாரே, நான் சொல்வது உங்களுக்குத்தான் புரியும். எத்தனையோ பேர் என் உயிரை வாங்கியிருக்கிறார்கள். ஏகாம்பரம் சாருக்குப் பிறகு அவர்கள் எல்லோரும் எனக்கு நல்லவர்களாகத் தெரிகிறார்கள்.

எந்தக் கலர்?

ஏகாம்பரம் சார் அணுபுரத்தில் குடியிருந்து, அணுமின் நிலையத்தில் ஷிஃப்ட் இன்ஜினியராக ஓய்வு பெற்றவர். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுத் திருப்போரூரில் வீடு கட்டிக் குடிவந்திருந்தார். மனைவி வசந்தா அம்மா திருக்கழுக்குன்றத்துப் பெண். கல்யாணமான நாளிலிருந்து டே ஷிஃப்ட், நைட் ஷிஃப்ட் என்று சொல்லியே சார் அவரை எங்கும் கூட்டிப்போகவில்லை. ஊரிலிருந்து வரும் விருந்தாளிகளுக்கு மாமல்லபுரத்துப் பாறைகளைச் சுற்றிக்காட்டுவதுதான் அந்த அம்மா கண்ட சுற்றுலா. ரிடையரானதும் கடற்கரை ஓரமாகவே கன்னியாகுமரி வரை கூட்டிப்போகிறேன் என்று சார் வாக்குக் கொடுத்திருந்தார்.

ரயிலில் டிக்கெட் போட்டுப் போயிருக்கலாம். சார் யோசித்துவிட்டார். லாட்ஜ் சுத்தமாக இல்லாவிட்டால்? ஓட்டல் சாம்பார் வயிற்றுக்கு ஆகாவிட்டால்? அதனால் படுக்கை, சமையலறை, கழிவறை எல்லாம் உள்ள ஒரு கேரவன் கட்டி, அதை வண்டியில் மாட்டி இழுத்துப்போவது என்று முடிவு. கேரவன் கட்டச் சொல்லியாகிவிட்டது. இழுக்க வண்டிதான் இல்லை.

இன்ஜினின் இழுவைச் சக்தியைப் பற்றி அவர் கேட்ட கேள்விகளில் நான் கொடுத்த டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. உங்களுக்கு எந்தக் கலர் பிடிக்கும் என்று கேட்டேன். அம்மா சொன்னார்: "எந்தக் கலரா இருந்தா இன்னாம்மா, கெளம்புனா போதும்."

ஒன்று போனால் இன்னொன்று

எதை இழுக்கப்போகிறோம் என்று தெரியாமல் வண்டி விற்க முடியாது. அதனால் கேரவனைப் பார்க்கப் போனேன். ஏரிக்கரைப் பக்கம் லாரிக்கு பாடி கட்டும் முனுசாமி அண்ணன் ஷெட்டில் அது நின்றுகொண்டிருந்தது. நின்றது என்பதைவிடக் குடியிருந்தது என்று சொல்லலாம். தேக்கில் நிலைவாசல். அடுப்பு மேடைக்குக் கருங்கல் பலகை. எல்லாமே இரண்டிரண்டு. இரண்டு தண்ணீர்த் தொட்டி, இரண்டு இன்வெர்ட்டர், இரண்டு கேஸ் அடுப்பு, இரண்டு மிக்ஸி.

சாருக்குப் பழகிப்போன பாடம் அது. அவர் வேலை பார்த்த இடத்தில் ஒரு பம்ப் நின்றால் இன்னொன்று ஓட வேண்டும். அதற்கு ஸ்டான்ட்பை என்று பெயர். அங்கே அது தேவைதான். ஆனால் தோசைக்கல்லுக்கும் ஸ்டான்ட்பை வைத்த மனிதரை நான் அப்போதுதான் பார்த்தேன். நெம்மேலியில் கடல்தண்ணீரைக் குடிதண்ணீராக்குகிறார்களே, அதில் சின்னதாக ஒன்று கிடைக்குமா என்றும் விசாரித்துக்கொண்டிருந்தாராம்.

அண்ணே, இது நகருமா என்று கேட்டேன். முனுசாமி அண்ணன் பீடியைக் கீழே போட்டு மிதித்துவிட்டுச் சொன்னார்: "சாரு இன்னா சொன்னாரோ அத்த செஞ்சிகீறேன். ஓடணும்னு அவரு சொல்லவே இல்லியே."

ஆளில்லாத நகர்

எங்களிடம் இருப்பதில் நடுத்தர பிக்கப் ஒன்றை இழுத்துப் பார்க்க எடுத்துப்போனோம். திருப்போரூருக்கு வெளியே மனை போட்ட இடம் ஒன்று இருக்கிறது. வாசலில் வளைவு, உள்ளே தார் ரோடு, தெருவுக்குத் தெரு பெயர்ப்பலகை. வீடு மட்டும் கிடையாது. மாடுகள் நிம்மதியாகப் படுத்திருக்கும். எங்கள் மேனேஜரும் கூட வந்தார். மாதக் கடைசி, எனக்கு இன்னும் ஒரு வண்டி விற்றாக வேண்டியிருந்தது.

வண்டி இழுத்தது. முக்கியது, முனகியது, கிளட்ச் தீய்கிற வாசனை வந்தது, ஆனாலும் இழுத்தது. வளைவுக்குப் பக்கம் ஒரு மாடு எழுந்து குறுக்கே வந்தபோது சார் பிரேக் போட்டார். நாங்கள் நின்றோம். கேரவன் நிற்கவில்லை. பின்னாலிருந்து எங்களைத் தள்ளிக்கொண்டே வளைவைத் தாண்டி மெயின் ரோட்டுக்குக் கொண்டுவந்துவிட்டது. மாடு எங்களைவிடப் புத்திசாலி, விலகிக்கொண்டது. தோசைக்கல்லுக்கு ஸ்டான்ட்பை வைத்தவர் கேரவனுக்கு பிரேக்கே வைக்கவில்லை.

இந்த வண்டியை இவருக்கு விற்கக் கூடாது என்று மேனேஜரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. "இழுத்துச்சா இல்லியா, அத்த மட்டும் சொல்லு ஸ்டெல்லா. நிக்கிறது கஸ்டமர் பாடு."

பெரிய வண்டி

அடுத்து நாலு சக்கரமும் இழுக்கிற பெரிய பிக்கப்பைக் காட்டினேன். இருப்பதிலேயே உயரமானது. ஏறி உட்கார்ந்தால் பக்கத்தில் போகிற பஸ் டிரைவரிடம் நேருக்கு நேர் பேசலாம். கேரவனுக்கும் முனுசாமி அண்ணனை வைத்து பிரேக் மாட்டியிருந்தார்கள். எடைக் கணக்குப் பார்த்தோம், சரியாக வந்தது. நான் மனசுக்குள் மாதாவுக்கு நன்றி சொன்னேன்.

கணக்குச் சரியாக வந்ததுதான் தப்பாகப் போயிற்று. வண்டி தாங்கும் என்று தெரிந்ததும் சார் இன்னொரு ஏசி வைத்தார். பிறகு ஒரு ஸ்டீல் பீரோ. பிறகு மாவு அரைக்கிற கிரைண்டர். இதுவாவது ஒன்றுதான் என்று நான் ஆறுதல்பட்டுக்கொண்டிருந்தேன். மறுநாள் இரண்டாவது கிரைண்டர் வந்தது. நடுத்தர வண்டிக்குக் கனமாக இருந்த கேரவன் இப்போது பெரிய வண்டிக்கும் கனமாகிவிட்டது.

இந்தத் தடவை யாரையும் தனியாகக் கூப்பிடவில்லை. நேராகச் சாரிடமே சொன்னேன். கம்பெனி சொல்லியிருக்கிற எடையைத் தாண்டிவிட்டீர்கள் சார், வண்டி இழுக்கும், ஆனால் இறக்கத்தில் நிற்குமா என்று எனக்குத் தெரியாது, அம்மாவை உட்கார வைத்துக்கொண்டு போகிறீர்கள் என்றேன். சார் என்னைக் கனிவாகப் பார்த்தார். "ஹேண்ட்பிரேக் இருக்கேம்மா. அது ஸ்டான்ட்பை."

பால் காய்ச்சினார்கள்

கேரவனைத் திருப்போரூர் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து, நல்ல நாள் பார்த்து, ஐயரை வைத்துப் பால் காய்ச்சினார்கள். சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்து, நிலைவாசலில் மாவிலை கட்டியிருந்தது. பழைய ஆபீஸ்காரர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். கிரகப்பிரவேசம் என்றால் நம் ஜனங்களுக்குக் கொடுக்கத் தெரிந்த ஒரே பொருள் சுவர்க் கடிகாரம். சார் ஒன்றை மாட்டினார், இன்னொன்றை ஸ்டான்ட்பையாக மாட்டினார், மிச்சத்தைப் பீரோவில் வைத்தார். வாஸ்துப்படி வாசல் கிழக்கே இருக்கிறது என்று ஒருவர் பாராட்டினார். நகரும்போது எந்தப் பக்கம் இருக்கும் என்று யாரும் கேட்கவில்லை. ஒரு மாமி வாடகைக்கு விடுவீர்களா என்று விசாரித்தார்.

எல்லோரும் சாப்பிட்டுவிட்டுப் போனபின் வசந்தா அம்மா வீட்டுப் பாத்திரங்களைத் தேய்த்துவிட்டு, கேரவன் பாத்திரங்களைத் தேய்க்க உட்கார்ந்தார். நானும் புடவையைச் சொருகிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். எதற்கம்மா எல்லாம் இரண்டிரண்டு என்று கேட்டேன். அவர் கையை நிறுத்தாமல் சொன்னார்: "இவரு ஷிஃப்டுக்குப் போன நாளெல்லாம் வூட்டுக்கு ஸ்டான்ட்பை நான்தாம்மா. எனக்கு ஒரு ஸ்டான்ட்பை வெச்சாரானு கேளு."

சாவி கொடுத்த நாள்

கடைசியில் பெரிய வண்டியைத்தான் வாங்கினார்கள். முருகன் கோயில் வாசலில் பூசை போட்டு, எலுமிச்சம்பழத்தை நசுக்கி, வீட்டு வாசலுக்கு ஓட்டி வந்து கேரவனை மாட்டினார்கள். அன்றைக்கே கிளம்புவதாகத் திட்டம். அட்டையில் செய்த பெரிய சாவியை வாடிக்கையாளர் கையில் கொடுத்துப் படம் எடுப்பது எங்கள் கம்பெனி வழக்கம். அதற்காக நானும் போயிருந்தேன். படத்துக்குச் சிரித்தேனே தவிர, என் கண் பின்னால் மாட்டியிருந்த கேரவன் மேலேயே இருந்தது. இந்த இரண்டு பேரும் நான் விற்ற வண்டியில் போய் எந்த இறக்கத்தில் மாட்டுவார்களோ என்ற பயம்.

வசந்தா அம்மா ஒரே ஒரு பையோடு வந்து முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். சார் ஏறவில்லை. இரண்டாவது தண்ணீர்த் தொட்டி ஒழுகுகிறதா என்று பார்த்தார். முதல் தொட்டியை மறுபடியும் பார்த்தார். இன்வெர்ட்டரில் சந்தேகம் வந்து உள்ளே போனார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சார் வெளியே வந்து, நாளைக்குக் காலையில் கிளம்பினால் என்ன என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. லாட்ஜும் இல்லை, சாம்பாரும் இல்லை, சாருக்கு வீட்டை விட்டுப் போகவே பயம்.

அம்மா கோபப்படவில்லை. ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு, பால் வாங்கி வரச் சொல்கிற குரலில் சொன்னார்: "வூட்ட வுட்டு நாலு நாளு வெளிய போலாம்னுதாங்க நான் கேட்டேன். நீங்க வூட்டையே கட்டி இழுத்துகினு வரீங்க. அங்கியும் நான்தான பெருக்கணும்? அத்த கழட்டி வுட்டுட்டு ஏறுங்க."

சார் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். பிறகு அவரே குனிந்து கொக்கியைக் கழற்றினார்.

வண்டி திருப்தியாக இருக்கிறதா என்று கேட்க கம்பெனி வழக்கப்படி நான் போன் செய்தபோது கன்னியாகுமரி லாட்ஜில் இருந்தார்கள். சார் சாம்பாரைக் குறை சொன்னார், பின்னால் அம்மா சிரிப்பது கேட்டது. கேரவன் வாசலிலேயே நிற்கிறது, வீட்டுக்கு ஸ்டான்ட்பையாக.

இப்போதெல்லாம் யாராவது ஷோரூமுக்கு வந்து வண்டி எவ்வளவு இழுக்கும் என்று கேட்டால், அடுத்த தடவை மேடத்தையும் அழைத்து வாருங்கள் சார், எதை இழுக்க வேண்டாம் என்று அவர்களைக் கேட்டுக்கொள்ளலாம் என்று சொல்லிவிடுகிறேன்.