ஜிம்மிக்கு எத்தனை கால் வேண்டும்?

போன மாதம் எங்கள் வீட்டு நாய் ஜிம்மி, ஒரு முயலைத் துரத்திக்கொண்டு பக்கத்துக் காணிக்குள் ஓடினான். இன்னும் மிதிவெடி அகற்றி முடியாத காணி. மண்டையோடு கீறிய சிவப்புப் பலகை வாசலிலேயே நிற்கிறது. என்ன செய்வது... அவனுக்கு வாசிக்கத் தெரியாது.

சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அவனாகவே திரும்பி வந்தான். பின்னங்கால் ஒன்று தோலில் தொங்கிக்கொண்டிருந்தது.

உருத்திரபுரத்திலிருந்து கிளிநொச்சிக்கு ஓட்டோ பிடித்துக் கொண்டு ஓடினோம். மிருக வைத்தியர் மாடுகளுக்கு ஊசி போட்டே களைத்துப்போன மனிதர். இரத்தத்தை நிறுத்திக் கட்டுப் போட்டார். காலை மேலே வெட்டி எடுக்கலாம், பிழைப்பான் என்று நம்பலாம், அல்லது ஒரே ஊசியோடு கதையை முடிக்கலாம் என்றார். மறுநாள் முடிவு சொல்லச் சொன்னார்.

இரண்டு வழிதானா? எங்கள் வீட்டில் மூன்றாவது வழியும் இருந்தது. ரொறன்ரோவிலிருந்து வந்து நின்ற என் தங்கை வதனி! சண்டை ஓய்ந்து பாதை திறந்த பிறகு வெளிநாட்டுச் சொந்தங்கள் வரும் காலம் இது. சொக்லேற் வரும். கூடவே ஆலோசனையும் வரும்.

ஜிம்மியைக் கொழும்புக்குக் கொண்டுபோக வேண்டும், பெரிய டொக்டரிடம் காட்டவேண்டும், பிறகு செயற்கைக் கால் பூட்டவேண்டும் என்றாள். அவளுடைய பூனைக்கு அங்கே இடுப்பு எலும்பையே மாற்றியிருக்கிறார்களாம். ஸ்கான், மயக்க மருந்து நிபுணர், பிறகு தண்ணீருக்குள் நடைப் பயிற்சி... செலவையும் சொன்னாள். அந்தக் காசுக்கு இங்கே ஒரு லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் வாங்கி, பெட்டியும் பூட்டி, அந்தப் பூனையை அதில் ஏற்றி ஊர்வலம் விடலாம்.

ஓமந்தைச் சோதனைச் சாவடியில் நாயின் அடையாள அட்டையைக் கேட்டால் எதைக் காட்டுவாய் என்று கேட்டேன்.

“உங்களுக்கு எல்லாம் பகிடிதான் அண்ணை,” என்று சொல்லிவிட்டு அழத் தொடங்கினாள்.

நான் ஊசிக் கட்சி. மனிதருக்கே மருந்து தட்டுப்பாடான ஊரில் நாய்க்குச் சத்திர சிகிச்சையா? ஒற்றைக்காலோடு எத்தனை சனம் செயற்கைக் காலுக்கு வரிசையில் நிற்கிறது? என் கொள்கையை மிக அழகாக விளக்கினேன். பத்திரிகையில் பத்தி எழுதுகிறவனுக்கு இதுகூட வராவிட்டால் எப்படி? என் மனைவி ஜிம்மிக்குக் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் பக்கத்து வீட்டுத் தவமணியக்கா வந்தார். அவருக்கும் ஜிம்மிக்கும் ஆகாது. அவருடைய கோழி முட்டைகளில் பாதி ஜிம்மியின் வயிற்றுக்குள்தான் போகும். எனக்கு ஒரு வாக்குக் கூடுகிறது என்று நினைத்தேன்.

தவமணியக்காவுக்கும் வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. விறகு பொறுக்கப் போன இடத்தில் மிதிவெடி. செயற்கைக் கால் கிடைக்கும்வரை ஒரு போகம் முழுக்கக் கைத்தடிகளோடு வயல் வரம்பில் நடந்தவர். வதனிக்கு இதெல்லாம் தெரியாது. அக்காவின் காலைப் பார்த்ததும், அதை எங்கே செய்தது, நாய்க்கும் அங்கே செய்து தருவார்களா என்று கேட்டுவிட்டாள்.

நான் நிலத்தைப் பார்த்தேன்.

தவமணியக்கா கோபிக்கவில்லை. “அதுக்கு இன்னும் மூண்டு கிடக்குப் பிள்ளை. வெட்டிவிடச் சொல்லுங்கோ, ஓடித்திரியும்,” என்றார்.

பார்த்தாயா என்று தங்கைக்குத் தலையாட்டிவிட்டு, வெட்டுவதும் வீண் வேலைதானே, ஊசியே போதும் என்று என் கொள்கையை எடுத்துவிட்டேன். தவமணியக்கா என் பக்கம் திரும்பினார்.

“கால் போனதுகளை ஊசி போட்டு முடிக்கிறதெண்டால், என்னை ஏன் தம்பி மிச்சம் விட்டனீங்கள்?”

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் காதில் நிற்கிறது. வெட்டச் சொல்வோம் என்று நானே சொன்னேன்.

மறுநாள் சத்திர சிகிச்சை நடந்தது. தவமணியக்காவும் வந்தார். மயக்கம் வரும்வரை ஜிம்மியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, முட்டைக் களவுகளை ஒவ்வொன்றாகச் சொல்லி அவனை ஏசிக்கொண்டே இருந்தார். அவன் அவருடைய கையை நக்கினான். வதனி வெளியே வேப்பமரத்தடியில் நின்று கும்பிட்டாள். கொள்கைக்காரனான நான்? ஜிம்மியின் மற்றக் கால்களைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பயமாக இருக்கிறதா என்று வைத்தியர் கேட்டார். இல்லை என்றேன். பொய்.

ஜிம்மி பிழைத்துவிட்டான். கொழும்பும் இல்லை, செயற்கைக் காலும் இல்லை. தூரத்தில் இருப்பவர்களுக்கு எல்லாமே செய்யலாம் போலிருக்கும். பக்கத்தில் இருப்பவர்களுக்கு எதுவும் செய்யத் தேவையில்லை போலிருக்கும். நடுவில் ஒரு நாய் வலியோடு படுத்திருக்கும்...

நேற்றுக் காலை என் மோட்டார் சைக்கிள் சில்லை நனைத்துவிட்டுப் போனான் — ஊசி போடச் சொன்னவன் யாரென்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. மற்ற நாய்கள் அதற்குக் காலைத் தூக்கவேண்டும். ஜிம்மிக்கு இப்போது அந்தச் சிரமமும் இல்லை.