‘இல்லை’ என்று எழுதிய டாக்டரம்மா

ரேஷன் கடை வரிசையில் நின்றபோதுதான் டாக்டர் கமருன்னிசா காலமான செய்தி வந்தது. எங்கள் பழைய ஆய்வகத்து டிரைவர் முனியசாமி போனில் அழுதான். “அண்ணே, டாக்டரம்மா போயிட்டாக. அஸர் தொழுகைக்குப் பெறகு கீழக்கரையில அடக்கமாம். வருவீகல்ல?” வரமாட்டேன் என்றுதான் சொன்னேன். அரிசியை வீட்டில் வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டேன்.

அங்கே கூடியிருந்த ஆய்வக நண்பர்கள் நினைவு மலருக்கு நான் எழுத வேண்டும் என்றார்கள். அவருடன் அதிக காலம் வேலை செய்தவன் நான். “நல்லதா நாலு வார்த்த எழுதுங்கண்ணே” என்றார் ஒருவர். நல்லதை எழுதுகிறேன். மற்றதையும் எழுதுவேன். பிடிக்காவிட்டால் அச்சிட வேண்டாம்.

நான் பத்தாவது தாண்டாதவன். பாம்பன் பக்கம் மீன்பிடி வீட்டில் பிறந்து, ராமநாதபுரம் ஆய்வகத்தில் கண்ணாடிப் பாத்திரம் கழுவும் தற்காலிக ஊழியனாகச் சேர்ந்தேன். கழித்துப் போட்ட புத்தகங்களை அகராதி வைத்துக்கொண்டு நானே படித்து, கிருமி வளர்க்கும் ஊட்டம் காய்ச்சக் கற்றேன். டாக்டரம்மா பொறுப்புக்கு வந்தபோது அவரைவிட எனக்குப் பத்து வயது கூடுதல். முதல் வாரமே நான் ஊட்டம் ஊற்றி வைத்த கண்ணாடித் தட்டுகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, “யாரு ஊத்துனது?” என்றார். திட்டுதான் என்று நினைத்து, “நான்தான்” என்றேன். “நாளைலேர்ந்து கழுவுறதுக்கு வேற ஆள் பாருங்க. அண்ணன் என் மேசைக்கு வரட்டும்” என்றார். என்னை முதன்முதலில் மதித்த மேலதிகாரி அவர். அதை மறுக்க மாட்டேன்.

குடல் நோய்க் கிருமிகள்தான் அவருடைய ஆராய்ச்சி. காலரா குடும்பத்துக் கிருமிகள் எங்கள் கடலில் எப்போதும் உண்டு. பெரும்பாலானவை யாரையும் ஒன்றும் செய்வதில்லை. “எல்லாத்தையும் சந்தேகப்படாதீங்கண்ணே. நஞ்சு சுரக்குறது எதுன்னு பாருங்க” என்பார். ஒருநாள் தட்டில் வளர்ந்த மஞ்சள் திட்டு ஒன்றைப் பித்த உப்புக் கரைசலில் குழைத்துக் கம்பியால் தூக்கினேன். காலராக் குடும்பத்துக்கே உரிய இழை நீண்டுகொண்டே வந்தது. “டாக்டரம்மா, தூண்டில் நரம்பு மாதிரில்ல வருது!” என்று கத்திவிட்டேன். எட்டிப் பார்த்து, “மீன் மாட்டிருச்சு. கடிக்கிற மீனா, சும்மா மீனான்னு இனிமேத்தான் பாக்கணும்” என்று சிரித்தார்.

எங்கள் எல்லாரிடமும் அவர் ஓயாமல் சொன்னது இது: “தட்டுல வளரலன்னா, வளரலன்னு மட்டும் எழுதுங்க. இல்லன்னு எழுதிராதீங்க. ரெண்டும் ஒண்ணு கெடயாது.” நான் இதை வேதமாக எடுத்துக்கொண்டேன். என் கோபத்துக்குக் காரணமும் இதுதான்.

தேவிபட்டினத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குடியிருப்பில் வயிற்றுப்போக்கு பரவியது. மாதிரிகள் எடுக்க நான்தான் போனேன். நோயாளிகளிடம் எடுத்தேன், பொதுத் தொட்டித் தண்ணீரையும் எடுத்தேன். வெயில் கொளுத்தியது. வண்டி வரவில்லை. “கெட்டுப் போயிரும்ணே, உள்ள வையிங்க” என்று குடியிருப்புக்காரர்கள் மீன்பெட்டியில் ஐஸை அள்ளிக் கொட்டினார்கள். கெடாமல் இருக்க ஐஸ் என்பது எங்கள் பிழைப்பில் பிறந்ததிலிருந்து பார்ப்பது. யோசிக்காமல் வைத்துவிட்டேன். மற்றப் பல கிருமிகளுக்குக் குளிர் பரவாயில்லை. காலராக் கிருமிக்கு ஆகாது. குளிர் பட்டால் தட்டில் வளரும் தெம்பு அதற்குப் போய்விடும். இதைப் படித்தவன் நான். பாதி வழியில்தான் உறைத்தது.

வந்ததும் ஒளிக்காமல் சொன்னேன். எதிர்பார்த்தபடியே எதுவும் வளரவில்லை. “மாதிரி கெட்டுப்போச்சு, முடிவு சொல்ல ஏலாதுன்னு எழுதுங்க டாக்டரம்மா. நாளைக்கே மறுபடி எடுத்தாரேன்” என்றேன். அவர் தலையாட்டினார். மறுநாள் வெளியே போன அறிக்கையில் ‘காலராக் கிருமி இல்லை’ என்று இருந்தது. கீழே அவர் கையெழுத்து.

அறைக்குள் போய்க் கேட்டேன். “கெட்டுச்சுன்னு எழுதினா, கெடுத்தது யாருன்னு கேப்பாங்க. உங்களுக்குப் படிப்புச் சான்றும் இல்ல, நிரந்தரமும் இல்ல. அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிருவாங்க” என்றார்.

“அனுப்பட்டும்.”

“நான் விடமாட்டேன்ணே.”

இல்லை என்று தாள் போனபின் மறுபடி மாதிரி எடுக்க யார் உத்தரவு தருவார்? தொட்டியையும் யாரும் மூடவில்லை. நானாகப் போய், அந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள் என்றேன். குடத்தோடு நின்ற செசிலி என்ற பெண் சிரித்தாள். “ஒங்க ஆபீசே ஒண்ணுமில்லன்னு எழுதிக் குடுத்துருச்சு. நீங்க என்னண்ணே, ஆபீசுக்கு மேல பெரிய ஆபீசரா?” சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். ஐஸ் விஷயத்தை அங்கேயே சொல்லியிருக்கலாம். “காய்ச்சியாச்சும் குடி” என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

அடுத்த வாரம் அவள் கணவன் சூசையைக் கடலிலிருந்து வந்த அன்றே வயிற்றுப்போக்கு என்று ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். அவர் திரும்பவில்லை. தண்ணீரால்தான் இறந்தார் என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது. அதைச் சொல்லியிருக்க வேண்டிய சோதனையைத்தான் நாங்கள் இருவரும் சேர்ந்து கெடுத்துவிட்டோமே.

அதன்பிறகு நான் ஓய்வு பெறும்வரை அவரிடம் வேலை தவிர வேறு பேசவில்லை. ஒவ்வொரு நோன்புக்கும் என் மேசையில் தூக்குவாளியில் கஞ்சி இருக்கும். குடிப்பேன், வாளியைக் கழுவி வைப்பேன், பேசமாட்டேன். கடைசி நாளில் வாசல்வரை வந்து, “இன்னுமாண்ணே கோவம்?” என்றார். “அந்த அறிக்கையத் திருத்துங்க, பேசுறேன்” என்றேன். “அது முடிஞ்சுபோன ஃபைலுண்ணே.” “செசிலிக்கு முடியல” என்று சொல்லி இறங்கிவிட்டேன். அவர் அதைத் திருத்தவேயில்லை. என்னைக் காப்பாற்ற அவர் விலையாகக் கொடுத்தது ஒரு குடியிருப்பை. என்னிடம் கேட்காமல் கொடுத்தார்.

அடக்கம் முடிந்த மறுநாள் செசிலி வீட்டுக்குப் போனேன். வலைக் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐஸ், அறிக்கை, எல்லாவற்றையும் சொன்னேன். கடைசிவரை கையை நிறுத்தாமல் கேட்டாள்.

“அந்தம்மா எழுதுனது தப்பு. சரி. நீங்க இம்புட்டு வருசம் எங்க இருந்தீக?”

“ராமநாதபுரத்துலதான்.”

“பஸ்ஸு ஓடலயோ?”

வலையை இழுத்து அடுத்த கிழிசலுக்குப் போனாள். நான் எழுந்து வந்தேன்.

டாக்டரம்மாவை அறிந்த உங்களிடம் இதைச் சொல்கிறேன். அந்த அறிக்கை தவறு. மாதிரியைக் கெடுத்தவன் நான். கோப்பு யார் கையில் இருந்தாலும் இந்தப் பக்கத்தை அதனோடு சேர்த்துத் தையுங்கள். அவரை நான் மன்னிக்கவில்லை, இனியும் மாட்டேன். அவர் காப்பாற்றிக் கொடுத்தது என் வேலையை. வேண்டாம் என்று அன்றைக்கே எழுதிக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. கடைசி நாள்வரை அந்த வேலைக்குப் போனேன்.