விருத்தாசலத்தில் என் கட்டைவிரலுக்கு ஒரு நகல்

இந்த நேரத்தில் பதிவு போடுவதற்கு மன்னியுங்கள். மகள் யாழினி இப்போதுதான் தூங்கினாள், எனக்குத் தூக்கம் வரவில்லை.

கைரேகையிலிருந்தே ரகசியச் சாவி உருவாக்கி, அதைக் கொண்டு தகவலைப் பூட்டுவதுதான் என் ஆராய்ச்சி. யாழினி போகும் குழந்தைக் காப்பகத்துக்கும் அதை வைத்து ஒரு மென்பொருள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பெற்றவர் விரல் வைத்தால்தான் பிள்ளையை அனுப்புவார்கள். திங்கட்கிழமை தொடக்கம். மண்ணில் வேலை செய்து தேய்ந்த விரல்களைக் கைரேகை இயந்திரம் படிக்குமா என்று பார்க்கத்தான், அதையும் எடுத்துக்கொண்டு நேற்று பீங்கான் ஊரான விருத்தாசலத்துக்குப் போனேன்.

திருச்சியில் காலை ஆறு மணி பஸ், வேப்பூர் வரை நாற்பத்திரண்டு ரூபாய். அங்கிருந்து டவுன் பஸ்ஸில் சுமார் இருபது கிலோமீட்டர், எட்டு ரூபாய். பத்து மணிக்குள் ஒரு பீங்கான் பொம்மைப் பட்டறையில் இருந்தேன்.

பொம்மை வார்க்கும் மும்தாஜ் அக்காவின் விரலைப் பதிய ஐந்து முறை வைத்தும் சிவப்பு விளக்குதான். பக்கத்தில் இருந்தவர்கள், அக்கா இந்த ஊரே இல்லை போல என்று கிண்டல் செய்தார்கள். அக்காவும் விடவில்லை.

"எனக்குத்தான் ரேக இல்லன்னுது. ஒங்க ரேகைய நான் செஞ்சு தரட்டாங்க?"

பிளாஸ்டர் மாவைக் கரைத்து, இறுகும் நேரம் பார்த்து என் கட்டைவிரலை அழுத்தச் சொன்னார். பொம்மைக்கு அச்சு எடுப்பதும் இப்படித்தானாம். அரைமணி கழித்து அந்த அச்சுக்குள் ஈரக் களிமண்ணை அமுக்கி எடுத்தார். சிரித்துக்கொண்டேதான் அதை இயந்திரத்தில் வைத்தேன்.

பச்சை விளக்கு. திரையில், "யாழினியை அழைத்துச் செல்லலாம்."

யாழினி யார் என்று அக்கா கேட்டார். என் மகள், மூன்று வயது என்றேன். அவர் சிரிப்பு நின்றது. நான் கேட்காமலே சுத்தியலால் அச்சை நொறுக்கினார்.

"அச்ச ஒடச்சிட்டேங்க. வெரல என்ன பண்ணுவீங்க?"

கடவுச்சொல் திருடு போனால் மாற்றிக்கொள்ளலாம். விரலை எப்படி மாற்றுவது? நான் தொட்ட டம்ளரெல்லாம் கண்ணுக்குள் வந்து போகிறது. சாவி எத்தனை வலுவானது என்று பக்கம் பக்கமாகக் கணக்குப் போட்டேனே, வைத்தது உயிருள்ள விரலா என்று ஒரு வரிகூட எழுதவில்லை.

போகிறவர்களுக்கு: வேப்பூர் சுற்று வேண்டாம், ரயிலில் போங்கள். திரும்பும்போது இரண்டரை மணி நேரம்தான் ஆனது. பட்டறைக்கு மதியத்துக்கு முன்பே போய்விடுங்கள், சாப்பாட்டுக்குப் பிறகு வெக்கையில் சூளைப் பக்கம் நிற்க முடியாது.

காப்பகம் நடத்தும் அம்மாவிடம் போனில் சொன்னேன். இயந்திரம் வாங்கியாகிவிட்டது, ஒரு வாரம் ஓட்டிப் பார்ப்போம் என்கிறார். அந்த ஒரு வாரமும் அங்கே இருபத்து மூன்று குழந்தைகள். உயிருள்ள விரலையும் மண் விரலையும் பிரித்தறிய வழி தெரிந்தவர்கள் பின்னூட்டத்தில் எழுதுங்கள். திங்கள் காலை எட்டரைக்குக் காப்பகம் திறக்கும், அதற்குள் பதில் வேண்டும்.