வேப்பனப்பள்ளியில் கள்ளிப்பழச் சாறு

ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஓசூரில் பேருந்து ஏறினேன். கிருஷ்ணகிரி வரை ஐம்பது கிலோமீட்டர். அங்கிருந்து வேப்பனப்பள்ளிக்கு இன்னொரு பேருந்து. வாரத்தில் கிடைக்கும் ஒரே விடுமுறையில் கள்ளிப்பழம் பார்க்கக் கிளம்பியவளை விடுதித் தோழிகள் சும்மா விடவில்லை. நான் வேலை செய்யும் தொழிற்சாலையின் பேருந்தில் சில மாதங்களாக வேப்பனப்பள்ளி மஞ்சுளா என்பவர் செய்யும் சப்பாத்திக்கள்ளிச் சாறு விற்பனைக்கு வருகிறது. ரத்தம் ஊறும் என்று பெண்கள் போட்டி போட்டு வாங்குகிறார்கள். எங்கள் தென்காசிப் பக்கம் அது வெறும் வேலிச் செடி. அதில் சாறு எடுப்பதை நேரில் பார்த்தே தீருவது என்று எனக்கு ஒரு பிடிவாதம்.

கள்ளிப்பழச் சாறு என்றதும் ஆட்டோக்காரர் விலாசமே கேட்கவில்லை. “மஞ்சுளா வூடுதானே? ஏறுங்க. பழத்த மட்டும் வெறுங்கையில தொட்டுடாதீங்க. மயிராட்டம் இருக்குற அந்தச் சொண முள்ளு ஏறுனா ரெண்டு நாளைக்குச் சோறு பெசைய முடியாது” என்றார்.

மஞ்சுளா அக்கா மாம்பழ சீசனில் மாங்கூழ் தொழிற்சாலைக்குப் போகிறவர். மற்ற மாதங்களில் தங்கை ரேவதியோடு இந்த வேலை. இடுக்கியால் பறித்த பழங்களைத் தணலில் உருட்டி முள்ளைப் பொசுக்குகிறார். பிறகு தோலைச் சீவி, துணியில் கட்டிப் பிழிகிறார். கல் மாதிரி இருக்கும் விதைகள் துணியிலேயே தங்கிவிட, பாத்திரத்தில் இறங்கும் சாற்றின் நிறம் கண்ணைப் பறிக்கிறது.

“மொதல்ல மாங்கூழு மாதிரியே கொதிக்க வெச்சேங்க. செவப்பெல்லாம் பழுப்பாயிடுச்சு. அத்தனையும் கீழ ஊத்திட்டேன். கூழ் கம்பெனில கலர்தாங்க எல்லாம். கலர் போச்சுன்னா சரக்கு ரிஜெக்ட்டு” என்றார். இப்போது எலுமிச்சை பிழிந்து, இளஞ்சூட்டிலேயே இறக்கிவிடுகிறார்.

எனக்கு ஒரு டம்ளர் கொண்டுவந்த ரேவதி, கொடுத்துவிட்டு நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆறு மாதக் கர்ப்பிணி. உதடு வெளுத்திருந்தது.

“ரத்தம் கம்மின்னு ஆஸ்பத்திரில சொல்றாங்கக்கா. மாத்திர கொடுத்தாங்க, கொமட்டுது. அதான் அத விட்டுட்டு இந்த ஜூஸையே குடிக்கிறேன். போன வாரம் பாத்தா இன்னும் எறங்கிடுச்சாம்.”

எனக்குச் சுரீரென்றது. கோபமும் வந்தது. யாருடைய யோசனை என்று கேட்டேன்.

“நாந்தாங்க சொன்னேன்” என்றார் மஞ்சுளா அக்கா. “இவ்ளோ செவப்பா இருக்குதே, ரத்தம் ஊறாம எங்க போவும்னு நெனச்சேன்.”

எனக்கும் ஒரு சமயம் ரத்தம் குறைந்து, எங்கள் தொழிற்சாலை நர்ஸிடம் நன்றாகத் திட்டு வாங்கியிருக்கிறேன். அவர் சொன்னதையே சொன்னேன். சிவப்பு என்பது பழத்தின் சாயம். அதற்கும் ரத்தத்துக்கும் சம்பந்தமில்லை. இந்தச் சாற்றில் வைட்டமின் சி இருக்கிறது. மாத்திரையில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர அது துணை செய்யும். மாத்திரையின் வேலையை அது செய்யாது. குமட்டினால் ஆஸ்பத்திரியில் சொல்லி வேறு மாத்திரை கேட்க வேண்டுமே தவிர, நிறுத்தக் கூடாது.

மஞ்சுளா அக்கா உடனே எழுந்தார். உள்ளே போய்ப் பிரிக்காத மாத்திரை அட்டைகளை எடுத்து வந்தார். மதியச் சாப்பாடு முடிந்ததும் ரேவதி முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒன்றை விழுங்கினாள். வாந்தி எடுத்துவிடுவாளோ என்று அக்கா நெடுநேரம் அவள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். நடுவில் தெலுங்கில் ஏதோ சொல்லித் தங்கையின் தலையைத் தடவினார். எனக்குத் தெலுங்கு தெரியாது.

மூன்று மணிப் பேருந்துக்கு அவரே வழியனுப்ப வந்தார். ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஒங்க கம்பெனில வாங்குற பொண்ணுங்ககிட்டச் சொல்லிடுங்க. ரத்தத்துக்குன்னு நம்பி மாத்திரைய விட்டவங்க இருப்பாங்க. ஜூஸ் விக்கலன்னாலும் பரவால்ல.”

பேருந்து மாந்தோப்புகளைத் தாண்டிக் கிருஷ்ணகிரிக்குத் திரும்பியது. எங்கள் ஊரில் அந்தப் பழத்தை ஆடுகூடச் சீண்டாது. இங்கே ஒரு பெண் தன் தங்கையின் உயிரையே அதை நம்பி ஒப்படைத்திருந்தாள். நல்ல பழம்தான், அதன் மேல் குற்றமில்லை.

ரேவதியின் பிரசவத்துக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது; மாத்திரைக்கு நேரம் உண்டு.