கறியில் கிடைத்த குண்டு

எங்கள் பகாவ் ஊர்ப் பக்கத்துச் செம்பனை எண்ணெய்த் தோட்டங்களில் காட்டுப்பன்றி சுடுகிறவர்கள் இருவர் என் வீட்டிலேயே இருக்கிறார்கள். என் கணவருக்கு இத்தாலித் துப்பாக்கி. கொழுந்தனுக்குத் துருக்கித் துப்பாக்கி. ஞாயிறுதோறும் சோற்றுத் தட்டின் முன்னால் எது உசத்தி என்ற இதே சண்டையைக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

"இத்தாலிக்காரன் செஞ்சது நேராப் போகும் லா. உன்னோடது இடது பக்கம் இழுக்குது," என்பார் இவர்.

"இழுக்கிறது துப்பாக்கி இல்ல, உங்க கண்ணு," என்பான் அவன்.

அவர்களோடு வேட்டைக்குப் போகும் லாரி டிரைவர் மட்டும் வாயே திறக்கமாட்டார். அவருடைய பழைய துப்பாக்கியில் கம்பெனிப் பெயர் தேய்ந்து போய்விட்டது. விரிசல் விட்ட கட்டையில் கறுப்பு டேப் சுற்றியிருக்கும்.

போன வாரம் மூவரும் ஒரே நேரத்தில் சுட்டு ஒரு பன்றி விழுந்தது. தன் குண்டுதான் பட்டது என்று அண்ணனும் தம்பியும் வழியெல்லாம் மல்லுக்கட்டிக்கொண்டே வந்தார்கள். கறியை வெட்டிக் கழுவுகிறவள் நான். இவர்கள் இருவரும் துப்பாக்கியில் போடுவது பட்டாணி அளவு ரவைகள். தேடிப் பார்த்தேன், ஒன்றுகூட இல்லை. தோள்கறியில் ஒரே ஒரு பெரிய ஈயக் குண்டு இருந்தது. அந்தக் குண்டைப் போடுகிறவர் டிரைவர் மட்டும்தான்.

அதைக் கழுவிச் சாப்பாட்டு மேசை நடுவில் வைத்தேன். அண்ணனும் தம்பியும் குனிந்து சோற்றைப் பிசைந்தார்கள். டிரைவர், "கறி நல்லா இருக்குக்கா," என்று மட்டும் சொன்னார்.

சண்டை ஒழிந்தது என்றுதான் நினைத்தேன். இந்த ஞாயிறு பார்த்தால் இத்தாலிக்கும் கறுப்பு டேப், துருக்கிக்கும் கறுப்பு டேப். எந்தக் கடை டேப் நல்லது என்று சோறு ஆற ஆறப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.