கவியரசன் வளர்த்த குட்டை எலிகள்

கோட்டைக்குப்பத்தில் கவியரசன் வீடு எது என்று கேட்டால் யோசிப்பார்கள். எலிக்காரன் வீடு என்றால் வாசலிலேயே கொண்டுபோய் விடுவார்கள். பொன்னேரிக்கு அப்பால் ஓர் ஆராய்ச்சி லேபில் சுண்டெலிகளுக்குத் தீனி வைத்துக் கூண்டு கழுவுவது அவன் வேலை. ஆசைப்பட்டுப் போன வேலையில்லை. ஆள் குள்ளம், ஒல்லிக்குச்சி. வலை இழுக்கப் போன இடத்தில், "உன்னியும் சேத்து நாங்க இழுக்கணுமாடா?" என்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவனுக்குள் தங்கிவிட்டது.

மகள் வெண்ணிலாவுக்கு நாலு வயது. அங்கன்வாடியில் எடை போட்ட டீச்சர், "இன்னாப்பா, ரெண்டு வயசுப் புள்ள மாதிரி இருக்குது" என்றதும் மானமே போய்விட்டது அவனுக்கு. நேராக வந்து மனைவி சத்யா மேல் பாய்ந்தான்.

"புள்ள சோத்த நீ துன்னுட்றியா, இல்ல செல்லு பாத்துக்கினு மறந்துட்றியா?"

"ஊட்டாமலா இருக்கேன்? அது வயிறு எவ்ளோ புடிக்குமோ அவ்ளோதான துன்னும்" என்றாள் அவள்.

கேட்பானா? தினமும் அதே பாட்டு. ஒருநாள் குழாயடியில் நாலு பெண்கள் எதிரிலேயே கேட்டுவிட்டான், வாய் கூசாமல். சத்யா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு லைட்ஹவுஸ் குப்பத்தில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கேயாவது பிள்ளைக்குச் சோறு கிடைக்கட்டும் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான் இந்த மகராசன்.

அந்தச் சமயத்தில்தான் லேபுக்குப் புது மேலாளராக ஆதிநாராயணன் வந்தார். வந்தவர் கூண்டுகளைச் சுற்றிப் பார்த்தார். ஒரு வரிசை எலிகள் கொழுகொழுவென்று இருந்தன. அடுத்த வரிசையில் இருந்தவை அவற்றில் பாதிகூட இல்லை.

"எல்லாம் ஒரே வயசுதானே? இதுங்க தீனி எங்கய்யா போவுது? உன் வீட்டுக் கோழிக்கா?"

"எல்லாத்துக்கும் ஒரே அளவுதான் சார் வெக்கிறேன். என் புள்ள மேல சத்தியமா."

அவர் நம்பவில்லை. கூட வேலை செய்கிறவர்கள் தரையைப் பார்த்தார்கள். கவியரசனுக்குக் கண் கலங்கிவிட்டது. பார்த்துப் பார்த்துத் தீனி வைத்தவனைத் திருடன் என்றால் எப்படி இருக்கும்?

சத்தம் கேட்டு, அந்த ஆராய்ச்சியை நடத்தும் தேவகி மேடம் வந்தார்.

"அவர ஏன் திட்றீங்க? அது பிறவியிலயே குட்டை எலி. வளர்றதுக்கான மரபணுல குறை, தாய் தகப்பன்கிட்டருந்து வந்தது. கொழுப்புத் தீனி போட்டா தொப்பை வரும், உடம்பு நீளாது. தீனி கொறைஞ்சா எந்த எலியும் சிறுத்துப்போகும், வாஸ்தவம். அதுக்காக சிறுசா இருக்கறதெல்லாம் பட்டினினு சொல்லிட முடியுமா?"

"தப்பா நெனச்சிக்காதப்பா" என்று தோளைத் தட்டிவிட்டு ஆதிநாராயணன் போய்விட்டார். கவியரசனால் அப்படிச் சுலபமாகப் போக முடியவில்லை. தகப்பன்கிட்டருந்து என்ற சொல் சுருக்கென்று தைத்தது. குழாயடி ஞாபகம் வந்தது. வெட்கத்தில் காது மடலெல்லாம் சுட்டது. தன் உடம்பைப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டுப் பழியை அவள் தலையில் கட்டியிருக்கிறான். அவனுக்காகப் பேச ஒரு மேடம் வந்தார். சத்யாவுக்கு யார் வந்தார்கள்?

சாயங்காலமே லைட்ஹவுஸ் குப்பத்துக்குப் போனான். எம்மேலதான் தப்பு, வூட்டுக்கு வா என்று சொல்லவேண்டும். வழியெல்லாம் அதையே முணுமுணுத்துக்கொண்டு நடந்தான்.

வாசலில் உட்கார்ந்து சத்யா பிள்ளைக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் அவள் முகம் சுண்டிப்போயிற்று. கோபம்கூட இல்லை, பயம். கடைசி வாயை அவசரமாக ஊட்டிவிட்டுத் தட்டை அவன் பக்கம் சாய்த்துக் காட்டினாள்.

"பாத்துக்க. ஒண்ணும் மீதி வெக்கல."

வெண்ணிலாவும் மென்றதை விழுங்கிவிட்டு அண்ணாந்து வாயை அகலத் திறந்தாள். "நைனா, முழுங்கிட்டேன்."

அப்படிக் காட்டச் சொல்லி இரண்டு பேரையும் பழக்கியவன் அவன்தான்.